மூச்சடக்கும் ப்ரோன்வின்

வெற்றிடக் கலத்தின் சன்னல் வழியாக உள்ளே பார்க்கும்போதெல்லாம் ப்ரோன்வின் மூச்சை அடக்கிக்கொள்வாள். நடுவில் விரல் கனத்துக் கண்ணாடி. உள்ளே காற்றே இல்லை. இருந்தும் கன்னம் உப்பும், காது சிவக்கும். "மகாராணி, மயக்கம் போட்டு விழுந்தா நான்தான் தூக்கணும்" என்பான் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் டேரில். "உனக்கென்னடா தெரியும்? அதுங்க எதையும் பிடிச்சு ஒட்டிக்குங்க" என்பாள்.

அதுங்கள் என்றால், வெள்ளித் தகட்டின்மேல் அவள் படியவைக்கும் கரிமப் படலம். ஒரே மூலக்கூறு கனம். ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு கோபால்ட் அணு. கார்பன் மோனாக்சைடை உள்ளே விட்டால் அது கோபால்ட்டில் மட்டும்தான் ஒட்டும் என்பது அவள் கட்சி. எங்கள் மெல்பர்ன் ஆய்வகத்தில் பாதிப் பேர் நம்பவில்லை. காட்டாவிட்டால் அடுத்த ஆண்டு அவளுக்கு வேலை இல்லை. பக்கத்து மேசைக்காரன் நானே அந்த வாரம் வெஜிமைட் தடவிய ரொட்டியைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

இரண்டு படலங்கள் வீணாகிவிட்டன. நாங்கள் வாயுவைத் திறக்கும் முன்பே ஏதோ வாயு கோபால்ட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. "கசிவுதான்" என்று டேரில் ஒவ்வொரு திருகாணியாக முறுக்கினான். படலம் செய்ய மிச்சம் இருந்தது ஒரு சிட்டிகைப் பொடி. கலத்தோடு சேர்ந்த, அணுக்களைத் திரையில் படமாகக் காட்டும் நுண்ணோக்கி மாலையில் முறைப்படி சிட்னிக்காரர்கள் கைக்குப் போய்விடும்.

ப்ரோன்வின் அழுத்தமானியையே முறைத்தாள். அதற்குள் ஒரு கம்பியிழை பழுக்கக் காய்ந்துகொண்டே இருக்கும். "கசிவு இல்லடா. இந்தச் சனியன்தான் சூட்டுல கார்பன் மோனாக்சைடைக் கக்குது."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது!

"அதை அணைச்சா உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாதே. கண்ணைக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டப் போறியா?" என்றான் டேரில்.

"ஆமா." அணைத்தேவிட்டாள்.

கடைசிப் படலம் திரையில் வந்தது. ஒரு கோபால்ட்டிலும் எதுவும் இல்லை. எனக்குக் கைதட்டத் தோன்றியது, பயத்தில் தட்டவில்லை. இனி வாயு. மானி இல்லாமல், கைக்கணக்கில். வால்வில் வைத்த கையை அவள் எடுத்துவிட்டாள். "டேரில், நீ திற. மயிரிழைதான்."

டேரில் சன்னலில் கண்ணை வைத்துக்கொண்டு வால்வைத் திருகினான். படத்தின் முதல் வரிகள் இறங்கின. கோபால்ட் ஒவ்வொன்றின்மேலும் ஒரு பொட்டு. இடையில் தெரிந்த வெள்ளியில் ஒன்றும் இல்லை. ப்ரோன்வின் நாற்காலியில் விழுந்து, வெட்கமில்லாமல் அழுதாள்.

"போதும்டா, மூடு."

டேரில் மூடினான். சன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. கன்னம் உப்பியிருந்தது, காது சிவந்திருந்தது.