சாரத்தின் மேல் கேட்ட குரல்

பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடுவது என் வேலை. சில வருடங்களுக்கு முன், கன்டோன்மென்ட் பக்கம் இருந்த ஒரு பழைய தேவாலயத்தை மராமத்துக்கு முன்பாக அளந்து வர ஆபீஸில் அனுப்பினார்கள். பக்கத்து அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தும் அதற்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை.

பீடத்தின் பின்சுவர் அரைவட்டமாக வளைந்து, மேலே பாதி முட்டை ஓட்டைப் போலக் கவிந்திருந்தது. வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். நீலப் பூச்சின் மேல் பொன்னிற நட்சத்திரங்கள். கீழிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே அளவாகத் தெரிந்தன. சாரத்தில் ஏறிப் பக்கத்தில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. உயரம் கூடக் கூட, வரைந்தவர் அவற்றைப் பெரிதாக்கிக்கொண்டே போயிருந்தார். டேப்பை விரிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது என் காதோரம் ஒரு பெண் சொன்னார்: "நீ கூப்ட்ட. நான் எடுக்கலடா."

திரும்பினேன். சாரத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"டூட்டில இருந்தேன். அப்புறம் பேசிக்கலாம்னு சைலன்ட்ல போட்டுட்டேன்."

மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மெதுவாகக் கீழே பார்த்தேன். முன் பெஞ்சில், ஹவுஸ்கீப்பிங் யூனிஃபார்மில் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. அந்த வளைவு அவருடைய முணுமுணுப்பை அள்ளிக்கொண்டு வந்து நான் நின்ற இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

அவர் எழுந்து போகும்வரை நான் அசையவில்லை. அதன்பின் மெட்ரோவில், சாப்பிடும்போது, குளிக்கும்போது, அந்தக் குரல் காதிலேயே இருந்தது. போன் அடித்தால் உடம்பு தூக்கிப்போட்டது.

அடுத்த வாரமும் அவர் வந்தார். அதே பெஞ்ச், அதே வார்த்தைகள். இந்த முறை நான் இறங்கிப் போனேன்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இங்க உக்காந்து பேசுனா மேல அப்படியே கேக்குது. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

அவர் சாரத்தை அண்ணாந்து பார்த்தார். "எவ்ளோ கேட்ட?"

"எல்லாம்."

அவர் கோபப்படவில்லை. "என் தம்பி. ஆஸ்பத்திரில இருந்து கூப்டான். கடைசியா கூப்டது என்னைத்தான்" என்றார். பிறகு, "ஹெப்பகோடில இருந்து ரெண்டு பஸ் மாறி வரேன்பா. மேல அவனுக்குக் கேக்கணும்னுதானே பேசுறேன்" என்றார். இடம் மாறி உட்காரவில்லை.

நான் வெளியே போய், அவர் கிளம்பும்வரை மரத்தடியில் நின்றேன்.

வேலை முடியும் சமயம், மைக்கில் எதிரொலி அதிகமாக இருக்கிறது, வளைவை மறைத்துப் பலகை அடித்துவிடலாம் என்று மீட்டிங்கில் பேச்சு வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஓவியம் மறைந்துவிடும், சுண்ணாம்புக்குக் காற்றோட்டம் வேண்டும், ஈரம் தங்கிவிடும் என்றேன். எல்லாம் உண்மைதான். உண்மையான காரணத்தை மட்டும் சொல்லவில்லை. ஃபாதர் யோசித்துவிட்டு, "சரி, ஸ்பீக்கரத் திருப்பி வச்சுப் பாப்போம்" என்றார்.

சாரத்தைப் பிரித்த பிறகு இரண்டு முறை போனேன். அவரைப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை, முன் பெஞ்சில் ஒரு வயதானவர் கண்மூடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் சில அடி தூரத்தில்தான் நின்றேன். கீழே நின்ற எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.