கதவோரத் தூணில் இரண்டு துளைகள்

1991, ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். முந்தின இரவு தூறி நின்றிருந்தது. காற்றில்லை, ஒரே புழுக்கம். ஸ்ரீபெரும்புதூரில் சர்ச் வாசலில் காரை நிறுத்தினேன். பின் இருக்கையிலிருந்து என் மனைவி இறங்கினாள். பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லாததால் கதவைப் பிடித்தாள். அவள் பாரத்தில் கதவு வெளியே போனது, அவளும் கூடவே போனாள். விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

அது 1954ஆம் வருடத்துச் சீமைக் கார். கறுப்பு, நாலு கதவு. ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பராக இருந்தபோது 1966இல் வாங்கினேன். எனக்கு முன் இரண்டு பேர் வைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றுப் பிள்ளைப்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தபோது அதையும் ஓட்டி வந்தேன். டீசல் இஞ்சின் மாற்றச் சொன்னவர்கள் ஆறு பேர், ரெக்சின் சீட் போடச் சொன்னவர்கள் நாலு பேர். கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். பாகங்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்து, வருடத்துக்கு இரண்டு முறை சரிபார்ப்பேன். இரு கதவுகளுக்கு நடுவிலுள்ள தூணில் உள்துணியைப் பிடித்திருக்கும் ஆணிகள்கூடக் கணக்கில் உண்டு, பக்கத்துக்கு ஒன்பது. ஆனால் துணியைப் பிரித்துப் பார்த்ததில்லை. சீல் உடைக்காத பெட்டியைப் பிரித்து எண்ணக் கூடாது, மேலே எழுதியிருப்பதுதான் கணக்கு என்பது ஸ்டோரில் எனக்குப் படிந்த பழக்கம்.

முட்டி தேய்ந்த பிறகு, இரண்டு வருடமாக அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பஸ்ஸுல இருக்கிற மாதிரி அந்தத் தூணுல ஒரு கைப்புடி வச்சா இன்னாங்க? ரெண்டு ஓட்டைதானே."

போட்ட துளையை அடைக்க முடியாது, துரு அங்கிருந்துதான் கிளம்பும் என்றேன். அசல் வண்டி என்று பிறகு யாரிடமும் சொல்ல முடியாது என்றும் சொன்னேன்.

"என் முட்டியுந்தான் ஒரிஜினல். அத்த யாரு பாக்குறது?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைவு.

சர்க்கரையும் இதயமும் இருந்த நிலையில் அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார் காஞ்சிபுரத்து டாக்டர். மூன்று மாதம் படுக்கட்டும், பிறகு உட்கார வைத்துப் பார்க்கலாம் என்றார். தொண்ணூற்றிரண்டு நாட்கள். உட்கார்ந்தால் முதலில் சர்ச்சுக்குத்தான் கூட்டிப்போக வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். எழுபத்தோராம் நாள் காரைப் படப்பைக்கு ஓட்டிப் போனேன். அங்கே வேன்களுக்கு பாடி கட்டும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். தூணில் துளை போடும் இடத்தைப் பென்சிலால் நானே குறித்துக் கொடுத்தேன். அவர் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தர, உள்ளங்கையில் வாங்கிக்கொண்டேன். துணியை விலக்கியவர் என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாருங்க சார். ஓட்டை ஏற்கெனவே கீது, மரையோட. கம்பெனிலயே கைப்புடி வச்சுதான் அனுப்பிகீறான். யாரோ கழட்டினு மேல துணிய போட்டுகீறாங்க."

குனிந்து பார்த்தேன். துருவில்லாத இரண்டு துளைகள். அளந்தேன், இடைவெளி ஆறேகால் அங்குலம்.

"எத்தினி வருசமா வச்சிகினுகீறீங்க?"

இருபத்தைந்து என்றேன். அவர் மண்ணெண்ணெய்த் துணியால் துளைகளைத் துடைத்தார். வேன் கைப்பிடி ஒன்றைக் கொஞ்சம் வளைத்தார், பொருந்திவிட்டது.

வீட்டில் அவளிடம் கைப்பிடி வைத்தாயிற்று என்று மட்டும் சொன்னேன்.

"கெட்டியா இருக்குதா?"

பிடித்துத் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை என்றேன். துளைகளைப் பற்றி அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

தொண்ணூற்றிரண்டாம் நாள் நல்ல மழை. டாக்டரும் நானும் தூக்கி உட்கார வைத்தோம். நாற்பதுவரை எண்ணினேன், அதற்குள் சாய்ந்துவிட்டாள். இனி முயற்சி செய்ய வேண்டாம் என்றார் டாக்டர். அதன் பிறகு அவள் நான்கரை வருடம் அந்தக் கட்டிலிலேயே இருந்தாள். காருக்கோ சர்ச்சுக்கோ வரவில்லை. அந்தக் கைப்பிடியை என்னைத் தவிர ஒருவரும் பிடித்ததில்லை.

கைப்பிடி முப்பத்தெட்டு ரூபாய். திருகாணி இரண்டும் சேர்த்து இரண்டு ரூபாய். துளை போடவில்லையே என்று மெக்கானிக் கூலி வாங்கவில்லை. மொத்தம் நாற்பது ரூபாய்.