ஊசி நுனி பார்க்கும் நிரஞ்சனி

காற்றில் ஒருமுறை 'டக்'கென்று சுட்டுக் காட்டிய பிறகுதான் நிரஞ்சனி, கட்டியிலிருந்து சோதனைக்குச் சதை எடுக்கும் அந்த ஊசித் துப்பாக்கியை டாக்டர் கையில் கொடுப்பார். படுத்திருப்பவர் முதலில் திடுக்கிடுவார், அப்புறம் சிரித்துவிடுவார். “இவ்வளவுதான் லா சத்தம். இதுக்குத் துள்ளிட்டீங்கன்னா ஊசி வழி மாறிடும்.”

மலேசியாவில், கிள்ளானில் ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் அறையில் பத்தொன்பது வருடமாக இருக்கிறார். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தினமும் ரயிலில் வருகிற யாழ்ப்பாணத்து வம்சம். டாக்டர் ஊசி பிடிக்க, இவர் ஸ்கேன் கருவியை மார்பின்மேல் பிடித்திருப்பார். விரலுக்கு அகப்படாத கட்டிகூடத் திரையில் கறுப்பாகத் தெரியும். அதை நோக்கி ஊசி வெள்ளைக் கோடாகப் போகும். அந்தக் கோட்டின் நுனி தெரிகிறவரை, எப்பேர்ப்பட்ட டாக்டராக இருந்தாலும், “வெயிட் டாக்டர்”தான்.

வீட்டில் கேக் வெந்ததா என்று குச்சியால் குத்திப் பார்ப்பதும் இதே லட்சணம். ஓர் இடத்தில் குத்தித் திருப்திப்பட மாட்டார். “கேக் சல்லடையாயிடுச்சு” என்று கணவர் கேதீஸ்வரன் முனகுவார். “நடுவுல வேகலன்னா யார் சாப்பிடறது?” என்று அடுத்த குத்து விழும்.

போன மாதம் பந்திங்கிலிருந்து பவுனம்மாள் வந்தார். அறுபதை நெருங்குகிறவர். இரண்டு முறை நாள் கொடுத்தும் வராமல் இருந்துவிட்டு, மகள் அழுததால் மூன்றாம் முறை வந்திருந்தார்.

“ஊசி பட்டா கட்டி உடம்பெல்லாம் பரவிடுமாமே மிஸ்ஸி? பக்கத்து வீட்டுல சொன்னாங்க.”

“ஊசியால பரவாதுக்கா. நீங்க வராம இருந்தீங்களே ஆறு மாசம், அதுதான் எனக்கு பயம்.” சொல்லிக்கொண்டே திரையை அவர் பக்கம் திருப்பினார். “வெள்ளையா ஒரு கோடு வரும், பாருங்க. அதுதான் ஊசி. நம்ம ரெண்டு பேரும் பாத்துட்டே இருப்போம்.”

பவுனம்மாள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று முறை 'டக்' கேட்டது. நூல் நூலாக மூன்று துண்டுகள் புட்டியிலிருந்த மருந்துக்குள் விழுந்தன. டாக்டர் ஜெயந்திரன் கையுறையைக் கழற்றப் போனார்.

நிரஞ்சனி புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கட்டியின் சதை பெரும்பாலும் அடியில் போய்ப் படுக்கும்; மிதப்பது பெரும்பாலும் வெறும் கொழுப்பு. மூன்றும் மிதந்தன. இதை அனுப்பினால் 'ஒன்றும் தெரியவில்லை, மறுபடி வா' என்று கடிதம் போகும். நாலாவது முறை இந்த மனுஷி கிள்ளான் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்.

“டாக்டர், இன்னொண்ணு எடுத்துடலாம். கட்டி நழுவுது. நான் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுக்கறேன்.”

வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் ஒரு கணம் முகம் சுளித்தார்; புட்டியைப் பார்த்ததும் மறுபடி ஊசியை எடுத்தார். இந்த முறை நுனி, கறுப்பின் நட்டநடுவில் போய் நின்றது. “இப்போ.” நாலாவது துண்டு நேராக அடியில் போய்ப் படுத்தது. குரலை உயர்த்திப் பேசத் தெரியாத நிரஞ்சனியின் பிடிவாதத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ரத்தம் நிற்கப் பத்து நிமிடம் பஞ்சை வைத்து அழுத்த வேண்டும். அதையும் அவரே செய்தார்.

“நல்லதா கெட்டதா மிஸ்ஸி?”

“லேப்லதான் சொல்லணும்க்கா. அடுத்த வாரம் தெரிஞ்சிடும்.”

அதற்கு மேல் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தக் கட்டியின் ஓரம் முள்ளு முள்ளாக நீண்டிருந்ததை அவர் பார்த்திருந்தார். அப்படிப்பட்ட ஓரங்கள் பெரும்பாலும் கெட்டதாகவே முடிந்ததையும் பார்த்தவர். பவுனம்மாளோ பாரம் இறங்கியவராக, பந்திங் பஸ்ஸில் இடம் கிடைக்காத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்து நிமிடம் ஆயிற்று. ரத்தம் முன்பே நின்றுவிட்டது. “அடுத்த ஆளை அனுப்பவா?” என்று கதவோரம் ஒரு குரல் கேட்டது. நிரஞ்சனி வேண்டாமென்று தலையை மட்டும் அசைத்தார். கையை எடுக்கவில்லை.