கண்ணாடி துடைத்த வாக்கியங்கள்

சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியால் இடது சில்லை மூன்று சுற்று, வலதை ஒரே சுற்று துடைப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பிறகு மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் சொல்வார்.

அகராதி அலுவலகத்தில் அவருக்கு 'உதாரணம் சார்' என்று பெயர். ஆங்கிலச் சொற்களுக்கு மற்றவர்கள் பொருள் எழுதுவார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தமிழ் வாக்கியம் எழுதுவது அவர் பாடு. மனுஷர் வாயில் வராத வாக்கியம் அவருக்கு ஆகாது. அதனால் உதாரணம் என்று காட்டிக்கொள்ளாமல், எதையும் முதலில் அக்காவிடம் சொல்லிப் பார்ப்பார். அக்கா சட்டென்று பதில் சொன்னால் வாக்கியத்துக்கு உயிர் இருக்கிறது. "என்னடா உளர்றே?" என்றால் சீட்டு குப்பைக்கூடைக்கு. கணவர் போன பிறகு அக்கா இந்த இரண்டு அறை மாடிவீட்டுக்கு வந்து பதினோரு வருஷம். அவளுக்கு இது எதுவுமே தெரியாது என்பதில் அவருக்கு ஒரு ரகசியப் பெருமை.

அந்த வாரம் 'கன்சீவ்' என்ற சொல் அவரைப் பாடாய்ப் படுத்தியது. கருத்தரிப்பது என்ற பொருளுக்கு வாக்கியம் உடனே வந்து விழுந்தது. மனதில் ஒரு எண்ணம் முதன்முதலாக உருவாவது என்ற பொருளுக்குத்தான் எழுதியதெல்லாம் மேடைப்பேச்சாக இருந்தது. மூன்றாவது, நினைத்தே பார்க்க முடியாது என்று மறுத்துச் சொல்லும்போது வருவது. அந்தச் சீட்டும் காலி.

வியாழக்கிழமை காலை. திருகு கழன்ற கண்ணாடி கடையில் இருந்தது. போகிற வழியில் வாங்கவேண்டும். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்கா மங்கலாகத்தான் தெரிந்தாள்.

"கொஞ்ச நாளா எனக்குள்ள ஒரு யோசனை உருவாகிட்டு வருதுக்கா. தனியா ஒரு சின்ன வீடா பாத்துப் போயிடலாம்னு."

இஸ்திரிப்பெட்டி ஒரே இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. வாக்கியம் செத்துவிட்டது என்று அவர் கிளம்பினார்.

சாயங்காலம் கதவைத் தள்ளினால், கயிறு கட்டிய அக்காவின் பெட்டி நடு அறையில். தையல் மிஷினுக்குப் போர்வை சுற்றியிருந்தது.

"எங்கக்கா கிளம்பிட்டே?"

"சித்தி பொண்ணு வீட்டுல ஒரு அறை சும்மாதான் கெடக்காம். நீ எதுக்குடா வீடு தேடணும்? இது உன் வீடு."

பையைக் கவிழ்த்துச் சீட்டுகளைக் கொட்டினார். பதினோரு வருஷத்து ரகசியத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். அக்கா ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை; கோபம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

"ஒத்தைச் சொல்லுக்காகவா என்னைப் பெட்டி கட்ட வெச்சே? நல்லா இருப்பேடா!"

"நீ இல்லாத வீட்டை என்னால நினைச்சே பாக்க முடியாதுக்கா."

அக்கா அவர் மூக்கின் மேலிருந்த கண்ணாடியை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். "இது நிஜமா, ஆபீஸுக்கா?"

"நிஜம்தான். ஆனா மூணாவது பொருளுக்குக் கச்சிதமா இருக்கு."

"போடா போக்கத்தவனே! கயித்தை அவிழு."

அவிழ்த்தார். இரண்டாவது பொருளுக்கும் அன்றே எழுதினார்: 'பெட்டி கட்டும் எண்ணம் அவள் மனதில் காலையிலேயே உருவாகிவிட்டது.'

அகராதி அச்சாகி வந்த பிறகு ஒருநாள், கீழ்வீட்டு அம்மா படிக்கட்டில் அவரை நிறுத்திச் சிரித்தார்.

"உங்கக்கா வந்த புதுசுலயே சொல்லிட்டாங்களே, சார். தம்பி கண்ணாடியைத் துடைச்சான்னா அது ஆபீஸ் பேச்சு, கவலைப்படாம ஏதாவது பதில் சொல்லிடணும், இல்லேன்னா மூஞ்சி தொங்கிப்போயிடும்னு. பெட்டி கட்டின அன்னிக்கு மட்டும் நீங்க துடைக்கவே இல்லையாமே?"