வேன்காரம்மா கேட்ட கேள்வி

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவளை எல்லோரும் வேன்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வாய் நீளம், மனசு வெள்ளை. எந்த வீட்டிலாவது பிள்ளை தாமதித்தால் ஹாரனில் வைத்த கையை எடுக்கமாட்டாள். "தல சீவுறீங்களா, இல்ல கல்யாணப் பொண்ண ஜோடிக்கிறீங்களா?" என்று தெருவே கேட்கும்படி கத்துவாள். புருஷன் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தான். அவள் நூறு வார்த்தை பேசினால் அவன் ஒன்று பேசுவான்.

ஒரே மகள், ஐந்து வயது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் அவளுக்கென்று ஓர் இடம். ஏறுகிற பிள்ளைகளிடமெல்லாம் அம்மாவின் குரலிலேயே, "பைய மடியில வச்சுக்கோ" என்று அதட்டுவாள்.

மழைக்காலத்தில் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு வலிப்பு வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். வாரம் திரும்புவதற்குள் குழந்தை போய்விட்டது.

முதலில் வீடு கொள்ளாத கூட்டம். அப்புறம் ஈ காக்கை இல்லை. வந்தவர்களும் "இன்னொண்ணு பெத்துக்கோ", "தலையில எழுதினது" என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் அழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள். வாசலில் நின்ற வேனின் கண்ணாடியில் எவனோ விரலால் படம் வரையும் அளவுக்குத் தூசி படிந்தது.

அந்த வேனில் போகும் இரட்டைப் பையன்களின் அம்மா ஒரு மத்தியானம் வந்தாள். பிளம்பரின் மனைவி. அதுவரை இருவருக்கும் வாசலோடு பழக்கம்தான். தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தவள், ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லாமல், குவிந்து கிடந்த பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள்.

"எதுக்கு வர்ற?" என்றாள் வேன்காரம்மா, திரும்பிப் பார்க்காமலே.

"பாத்திரம் கிடக்குதுக்கா."

பெயிண்ட் கடை மாடியில் கூடும் சின்னக் கிறிஸ்தவச் சபை ஒன்றுக்குப் போகிறவள் அவள். விஷயம் அங்கே போனது. சபையில் ரிட்டயரான பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். அவர் மரம் அறுக்கும் ஆலைக்கே போய்ப் புருஷனைப் பார்த்தார். "வண்டி நின்னா பிள்ளைங்க வேற வேனுக்குப் போயிரும் தம்பி. அவங்க எந்திரிச்சு வர்றப்ப வேலை இருக்கணும்ல. நான் ஓட்டுறேன்" என்றார். அவன் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து வேன் சாவியைக் கொடுத்தான்.

சபையிலிருந்து ஒவ்வொருவராக வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் தேன் சொட்டப் பேசுகிறவர். கடவுள் தன் தோட்டத்துக்கு ஒரு பூவைப் பறித்துக்கொண்டார் என்று ஆரம்பித்தார்.

"தோட்டமே வச்சிருக்கிறவருக்கு எங்கிட்ட இருந்த ஒண்ணுதான் கெடச்சுதா?" என்றாள் வேன்காரம்மா.

பிளம்பரின் மனைவி குடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "அண்ணே, பேசுனது போதும். தண்ணி பிடிச்சுட்டு வாங்க." மனுஷர் பிடித்துவந்தார். அதன் பிறகு அவர் வந்த நாளெல்லாம் தண்ணீர்தான் பிடித்தார்.

பஸ் டிரைவர் வேனை ஆமை மாதிரி ஓட்டினார். பிள்ளைகளுக்கு நாள் தவறாமல் முதல் வகுப்பு போனது. தாய்மார்கள் வேன்காரம்மாவின் வாசலுக்கே வந்து முறையிட்டார்கள். ஒரு சாயங்காலம் வண்டி உருண்டு வந்து நிற்பதைப் பார்த்த வேன்காரம்மா, பழைய வாய்த்துடுக்கில், "என்னண்ணே, இது வேனா, பொணம் தூக்குற வண்டியா?" என்றுவிட்டாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவருக்கும் கை ஸ்டியரிங்கிலேயே நின்றுவிட்டது. அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அது அப்படியே அழுகையாகி, தெருவிலேயே உட்கார்ந்து, மகள் போனதற்குப் பின் முதல் முறையாக ஓவென்று அழுதாள். அவர் இறங்கி வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வாரம் வேனை அவளே எடுத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையின் மாடிப்படியும் ஏறினாள். கும்பிட இல்லை, கேட்க. கூட்டம் முடிந்ததும் பாஸ்டரிடம் நேராகப் போனாள்.

"எம்பொண்ணு செத்தப்ப உங்க சாமி எங்க இருந்தாரு?"

பாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். "இயேசுவோட சிநேகிதர் ஒருத்தர் செத்துட்டாரு. அவர உயிரோட எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் இயேசு நின்னு அழுதாரும்மா. உங்க வீட்லயும் அப்படித்தான் இருந்திருப்பாருன்னு நம்புறேன்."

"அவர எழுப்புனவரு எம்பொண்ண ஏன் எழுப்பல?"

"தெரியலம்மா."

வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அன்றோடு படியிறங்கிப் போயிருப்பாள். தெரியாததைத் தெரியாது என்ற அந்த மனுஷனுக்காகவே மறுபடி போனாள். போகப் போக, அழுத அந்த இயேசுவோடு பேசத் தொடங்கினாள். பாதி நாள் சண்டைதான். ஆனாலும் கேட்கிறவர் அங்கே இருக்கிறார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் போய்விட்டது.

மறுவருஷம் ஞானஸ்நானம் எடுத்தாள். சபைக்குச் சொந்தத் தொட்டி இல்லை. ஒரு வீட்டின் தண்ணீர்த் தொட்டியில் நடந்தது. மகளின் பெயரைச் சொல்லிப் பாஸ்டர் ஜெபித்தபோது எல்லோரும் ஆமென் என்றார்கள். நம்பிக்கையில்லாத புருஷன் துண்டோடு ஓரமாக நின்றிருந்தான். நனைந்து வந்தவள் தோளில் அதைப் போர்த்திவிட்டு, "தண்ணி ரொம்பக் குளிருதா?" என்று கேட்டான்.

"குளிருது."

"அடுத்த வாரம் நானும் வந்து உக்காந்து பாக்குறேன்" என்றான். அவனுக்கு அது பெரிய பேச்சு.