94-ம் பக்கத்தோடு நிறுத்திய நாவல்

இன்று காலை ஒரு க்ரைம் நாவலைப் பாதியில் மூடி வைத்துவிட்டேன் மக்களே!

பதினேழாம் பக்கத்தில் கிணற்றில் பிணமாக மிதந்த மில் மேனேஜர், 94-ம் பக்கத்தில் பேக்கரியில் உட்கார்ந்து டீயும் தேங்காய் பன்னும் சாப்பிடுகிறார். (கோவை பேக்கரி என்றால் செத்தவரும் எழுந்து வரலாம்தான். இருந்தாலும்!)

இன்ஸ்பெக்டர் பெயர் முதலில் ராஜசேகர். பிறகு சேகர்ராஜா. (நடுவில் கெஜட்டில் மாற்றினாரோ என்னவோ!)

இதற்கெல்லாம் மேலே ஒன்று. கொலைகாரன் கத்தியை உருவும் இடத்தில், "இரண்டாம் தரப்பினர் மேற்படி வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது" என்று ஒரு வரி!

சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

அந்த வரி அங்கே எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும்.

எழுதியவர் ஸ்டெல்லா அக்கா. கருமத்தம்பட்டியில் எங்கள் ஆபீசுக்குக் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வாடகை ஒப்பந்தம், பயோடேட்டா எல்லாம் டைப் அடித்துக் கொடுப்பார். கஸ்டமர் இல்லாத நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் மூன்று வருடமாக நாவல் எழுதினார். யாராவது வந்தால் நிறுத்துவார், போனதும் தொடருவார். எங்கோ ஒட்ட வேண்டியது எங்கோ ஒட்டிக்கொண்டது.

போன வருடம் அச்சுக்குக் கொடுக்கும் முன் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"கண்ணு, நீதான் புக்கு படிச்சுப்போட்டு போன்ல அத்தன எழுதுற. தப்பு இருந்தா கூச்சப்படாம சொல்லிப்போடு. எனக்கு வேற ஆளு இல்ல."

இருபது பக்கம் படித்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

அதை முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? பந்தியில் சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் "நல்லா இருக்குதுங்க" என்று இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிடுகிற கோவைக்காரர்கள் நாம்!

ஒரு மாதம் பீரோ மேல் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தேன்.

"முழுசா படிச்சுட்டேனுங்க்கா. சூப்பரா இருக்குதுங்க்கா. ஒரு தப்பும் இல்லீங்க்கா."

அக்கா கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இன்று அச்சாகி வந்த நாவலை மூடும்போதுதான் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன்.

'முழுவதும் படித்துப் பிழை திருத்திக் கொடுத்த தங்கை கவிதாவுக்கு நன்றி.'

கவிதா நான்தான்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று மதியம் கடைக்குப் போனேன். அக்காவின் முகம் ஏற்கெனவே வாடிக் கிடந்தது.

"காலைல ஒருத்தரு வந்து, செத்தவன் எப்புடிங்க டீ குடிக்கறான்னு கேட்டுச் சிரிச்சுப்போட்டுப் போறாரு கண்ணு. இல்லீங்க, எங்க கவிதா முழுசா படிச்சுப் பாத்துச்சுங்க, அது தப்பு உடாதுங்கன்னு சொன்னேன்."

மேசையில் கிடந்த ஜெராக்ஸ் தாள்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் கண்ணு, கொல பண்ணுனது யாருன்னு சொல்லு பாக்கலாம்?"

எனக்குத் தெரியவில்லை. மேனேஜரின் தம்பியா? டிரைவரா? குத்துமதிப்பாக ஒரு பெயரைச் சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. வெட்கக்கேடு!

"மன்னிச்சுக்குங்க்கா."

திட்டியிருந்தால் தேவலை. அவரும் இந்த ஊர்க்காரர் அல்லவா?

"அதனால என்ன, உனக்கு எத்தன வேல இருக்கும்" என்றார். உடனே வாசலில் நின்ற ஆளிடம் திரும்பி, "வாங்க, எத்தன காப்பிங்க?" என்று கேட்டார்.

பத்து நிமிடம் அங்கேயே நின்றேன். அக்கா மிஷினை விட்டுத் தலை நிமிரவில்லை.

"வாரேனுங்க்கா."

"செரிங்க மேடம்."

கடைக்கு வருகிற பெண்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார். என்னை மட்டும்தான் இத்தனை நாள் கூப்பிட்டதில்லை.