நான் வரையாத பெண்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் அந்தப் படத்தை வரைந்த கை இதுதான்.

1968. கொருக்குப்பேட்டையில் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். விம்கோ நகர் பக்கம் ஒரு கம்பெனி அதிகாரி வெளிநாட்டு போஸ்ட்கார்டு ஒன்றைக் கொடுத்தார். கால்வாய் ஓரம் பழங்காலத்து சர்ச், சுற்றிலும் ஊர். இதைப் பெரிதாக வரைந்து கொடு இன்னாசி என்றார். கார்டில் மனிதர்கள் யாரும் இல்லை.

ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை. சாயங்காலம் 5.40. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், படத்தில் கரைமேல் ஒரு பெண். விரல் உயரம். முதுகைக் காட்டி நிற்கிறாள். நான் வரையவில்லை. வீட்டில் யாரும் பிரஷைத் தொடவில்லை. பெயிண்ட் பூசி மறைத்தேன்.

செவ்வாய். அதே 5.40. மறுபடியும் நின்றாள்... இப்போது என்னைப் பார்த்து. இடது தோள் சற்று இறங்கியிருந்தது.

என் மனைவி ஞானம் குனிந்து பார்த்தாள்.

"நம்ம ஃப்ளோரன்ஸ் மாதிரி கீதே."

"இல்ல."

என் தங்கைதான். சின்ன வயதில் விழுந்து முறிந்த தோள், எனக்குத் தெரியாதா? என்னோடு வேலை செய்த பஷீரைக் கட்டிக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு முன் வாசலில் வந்து நின்றாள். கதவைச் சாத்தியவன் நான். அவள் செத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னவனும் நான்.

மறுபடியும் பூசினேன். இந்த முறை இரண்டு கோட்டிங்.

புதன். படியில் இறங்கியிருந்தாள். பாதம் தண்ணீருக்குள். பெயிண்ட் வாசனை போய்... சேற்று நாற்றம்.

பூசினேன்.

வியாழன். 5.40.

சளக்...

சத்தம் படத்துக்குள்ளிருந்து. தண்ணீர்மேல் கூந்தல் மட்டும்.

பூசினேன்.

வெள்ளி. வரவில்லை. நிம்மதியாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயிலிருந்து ஃப்ளோரன்ஸை எடுத்தார்கள். போன மாதம்தான் பஷீர் காய்ச்சலில் இறந்தானாம். வியாழன் சாயங்காலமே இவள் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

அப்படியென்றால் திங்கள், செவ்வாய், புதன்... அவள் உயிரோடுதான் இருந்தாள்.

அடக்கம் முடிந்ததும், அக்கரையில் இட்லி விற்கும் சொக்கம்மாள் என்னிடம் வந்தாள். நாலு நாளும் சாயங்காலம் ஃப்ளோரன்ஸ் அங்கே நின்று எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். நான் போய் உங்க அண்ணனைக் கூப்பிடட்டுமா என்று சொக்கம்மாள் கேட்டாளாம்.

"வோணாக்கா, அண்ணன் என்னப் பாத்துடுச்சு, வந்துடும்னு சொல்லிச்சுப்பா."

எங்கள் வீட்டில் கால்வாய்ப் பக்கம் ஜன்னலே கிடையாது.